பீரோவுக்குள் இருந்த நெட்

அண்ணா,

இன்று காலை உங்கள் மகள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அப்பாவோட நெட் பெட்டி, டீச்சர். நாங்க வீட்டக் காலி பண்றோம். இனி உங்க வீட்டுலயே மாட்டிக்குங்க" என்றாள். கவரைப் பிரித்தேன். குப்பென்று அந்துருண்டை வாசம். எனக்கு வந்தது அழுகை இல்லை அண்ணா, கோபம். உலகத்தில் வேறு எந்த நெட் பெட்டியாவது அந்துருண்டை வாசம் அடிக்குமா?

நீங்கள் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது, உங்களுக்கே தெரியும்.

கோத்தகிரிக்குக் கீழே நம் சரிவில் கடைசிக் கம்பம் உங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து இருபது படி இறங்கினால் என் வீடு. நெட் லைன் இழுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கெல்லாம் வராதுங்க, மேல் வீட்டுல வாங்கிக்குங்க" என்று கையை விரித்தார்கள். நீங்கள் உடனே, "எங்க வீட்டுல வைங்க. டீச்சர் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றீர்கள், ஏதோ குழாய்த் தண்ணீர் தருவதுபோல. உங்கள் ஜன்னலும் என் ஜன்னலும் எதிரெதிர். சிக்னல் நன்றாகவே வந்தது.

உங்களுக்கு நெட் எதற்கு? இலங்கையில் பத்து வயதில் நீங்கள் விட்டுவந்த தேயிலைத் தோட்டத்தை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். எனக்கோ அது சோறு. முட்டி தேய்ந்து பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலைதான் எனக்கென்று கிடைத்தது. அது போனால் மலையிறங்கி, கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வெயிலடித்தால் நெட் பறக்கும். மிஸ்ட் இறங்கினால் செத்துவிடும். நம் ஊரில் மிஸ்ட் இறங்காத நாள் எது? 'ஆ' என்று வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோவேன், அந்தப் பக்கம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கம்பெனிக்கு போன் செய்தால், "மேகம் வந்தா மலையில அப்படித்தான் மேடம்" என்றார்கள். படித்த நானும் அதை நம்பினேன். உங்களிடம் வந்து புலம்பினால், "ஈரம், டீச்சர். ஈரந்தான் எல்லாத்தையும் கெடுக்கும். நான் பாத்துக்கிறேன்" என்பீர்கள். டீ பேக்டரியில் டிரையர் முன்னால் முப்பது வருஷம் நின்ற மனுஷன் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டு வருவேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. வகுப்பு அடிக்கடி அறுந்துபோனதால் சிங்கப்பூரிலிருந்து மேலதிகாரி அம்மா கூடவே உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்காக நடந்தால் நான், இல்லாவிட்டால் வேறு ஆள். உங்களிடம் முதல் நாளே சொன்னேன். "பரீட்சையா, டீச்சர்? நான் இருக்கேன், கவலப்படாதீங்க" என்றீர்கள்.

தொடங்கி ஐந்தே நிமிஷம். மிஸ்ட் இறங்கியது, திரை உறைந்தது. முட்டியாவது மண்ணாங்கட்டியாவது என்று இருபது படியும் ஏறி ஓடிவந்தேன்.

"ஏனுங்கண்ணா, நெட் என்னாச்சுங்க? பெட்டி எங்கீங்க?"

நீங்கள் நிதானமாக இரும்பு பீரோவைத் திறந்தீர்கள். உள்ளே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டரில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நம் ஊரில் எல்லோரும் போடுகிற அதே பல்பு. அதன் பக்கத்தில், மப்ளருக்கும் கம்பளிக்கும் நடுவில், அந்துருண்டை சகிதம் நம் நெட் பெட்டி. வயருக்காகப் பீரோவின் முதுகில் ஓட்டை வேறு போட்டிருந்தீர்கள்.

"மிஸ்ட் வந்தா உள்ள வச்சு மூடிருவேன், டீச்சர். சூடா இருக்கும். ஈரம் அண்டாது."

ஐயோ, அண்ணா! இரும்புக்குள் வைத்து மூடினால் சிக்னல் எப்படி வெளியே வரும்? உங்கள் வீடியோவும்தானே நின்றிருக்கும்? அதையும் ஈரத்தின் தலையில் போட்டுவிட்டு இன்னும் இறுக்கி மூடியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக நான் மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? இதென்ன டீத்தூளுங்களா? என் பொழப்பே போச்சுங்க! உங்கள நம்புனேன் பாருங்க, எனக்கு வேணும்!"

நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "ஓடுங்க, டீச்சர்" என்றீர்கள், அவ்வளவுதான்.

நான் வந்து உட்கார்ந்தபோது நெட் வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தேன். நிமிர்ந்தால் எதிர் ஜன்னலில் நீங்கள். பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தால் ஆகாதா? நாற்பது நிமிஷம் அப்படியே நின்றீர்கள். பிள்ளைகளுக்கு 'க, கா' சொல்லிக்கொண்டே, இந்த மனுஷன் அதை எங்காவது வைத்துத் தொலைக்க மாட்டாரா என்று பல்லைக் கடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அங்கிருந்தே கத்தினீர்கள். "டீச்சர்! பாஸா?"

நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

வேலை உறுதி என்று மறுநாளே மெயில் வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. எட்டு மாத எரிச்சலுக்கு நாலு நாளாவது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் உங்களுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது உங்கள் மகள் சொன்னாள். "கடைசியா போன்ல அப்பா உங்களப் பத்தித்தான் பேசினாங்க, டீச்சர். 'வேல நெலச்சுச்சான்னு தெரியல. எம்மேல கோவமா இருக்காங்க, ஆறட்டும். ஞாயித்துக்கெழம போயி கேக்குறேன்'னாங்க."

எதற்கு அண்ணா ஞாயிற்றுக்கிழமை? இருபது படிதானே, இறங்கிவந்து கேட்டிருக்கக் கூடாதா? திட்டுவதற்கு மூச்சிரைக்க ஏறி வந்தவள், நல்ல சேதி சொல்ல ஒரு தடவை ஏறியிருக்கக் கூடாதா? உங்கள்மேல் வரும் கோபமெல்லாம் சுற்றிச் சுற்றி என்மேல்தான் வந்து விழுகிறது. தாங்கவில்லை, அண்ணா.

லைன்காரர்கள் மத்தியானம் வந்தார்கள். அன்று வரவே வராது என்ற கம்பியைப் பத்தே நிமிஷத்தில் என் வீட்டுக்கு இழுத்துவிட்டுப் போனார்கள். நாலரை மணி வகுப்பு ஒரு தடவைகூட அறாமல் நடந்தது. வெளியே நல்ல மிஸ்ட், உங்கள் வீடே தெரியவில்லை. பிள்ளைகள் கையசைத்துவிட்டுப் போனதும் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அக்கம்பக்கம் என்ன நினைத்தால் எனக்கென்ன? இருக்கிற தொண்டையையெல்லாம் திறந்து கத்தினேன்.

"பாஸுங்கண்ணா!"