ஜன்னலுக்கு ஒரு வரைபடம்

மார்ச் 3
துறைமுகப் படம், எல்லைப் படம் என்ற பழைய வரைபடங்கள் இரண்டுக்கும், கிழியாமலிருக்கப் பின்னால் துணி ஒட்டியாயிற்று. எல்லைப் படம் நாடு பிறந்த வருடம் வரைந்ததாம். எங்கள் ஆவணக் காப்பகத்திலேயே அந்த வருடத்துப் படம் அது ஒன்றுதானாம். எனக்கோ நீலக்கரை போட்ட திரைச்சீலை மாதிரி இருந்தது. "சுருட்டிட்டுப் போய் எங்க வீட்டு ஜன்னல்ல மாட்டிடறேன்டி" என்றேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த என் சிநேகிதி சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டாள். ஒட்டாமலிருக்க நடுவில் மெழுகுத்தாள் வைத்து, ஈரப் படங்களை அடுக்கிக் கல் ஏற்றுவது அவள் வேலை. நான் பசையைத் துடைத்தேன்.

மார்ச் 9
எல்லைப் படத்தைக் காணோம். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லை தாண்டிப் போயிருக்கும் சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11
"ஜன்னல்ல மாட்டறேன்னு சொன்னியாமே?" என்றார் இயக்குநர்.
அந்தப் பேச்சைக் கேட்டவள் ஒருத்திதான். கதவோரம் நின்று தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து நான் வரவேண்டாமாம்.

மார்ச் 12
பாவி. நான் கிண்டல் பண்றவள்னு அவளுக்குமா தெரியாது?

மார்ச் 15
ஆள் அனுப்பி ஜன்னலைப் பார்த்தார்கள். பழைய புடவைதான் தொங்குது. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு" என்றார். இவருமா!

மார்ச் 24
கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்காட்சிக்கு வைக்கத் துறைமுகப் படத்தைத் தூக்கினார்களாம். அதன் முதுகில் எல்லைப் படம் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததாம்.
"தப்பா நெனச்சுட்டோம்மா. இன்னிக்கே வேலைல சேர்ந்துடு" என்றார் இயக்குநர்.
அவள் என்னை மாடிப்படிக்கு இழுத்துப்போய் அழுதாள். "கல்லை எடுக்கும்போதே ரெண்டும் ஒட்டியிருந்ததைப் பாத்துட்டேன்டி. சொன்னா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்."
அப்போ என் வேலை போனா பரவாயில்லையா? — கேட்கவில்லை.
"தாள் வைக்க மறந்தது யாரு?" என்று சாயங்காலம் இயக்குநர் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கே என்மேல் எரிச்சல்.

மார்ச் 26
படங்களைப் பிரிக்கும் வேலையும் எங்கள் தலையில்தான். ஈரத்துணி போட்டு ஊறவைத்து, எதிரெதிரே உட்கார்ந்து ஓரம் ஓரமாக உரித்தோம். ஒரு மூலைகூடக் கிழியவில்லை.
"இப்ப எடுத்துட்டுப் போய் ஜன்னல்ல மாட்டிக்கோயேன்டி" என்றாள், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து.
"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றேன்.
காயவைக்கும்போது மெழுகுத்தாளை நானே வைத்தேன்.