குசினிச் சுவரின் காற்றுத் துளை

லா சப்பல், பாரிசு
தை மாதம்

அன்பு மகள் நிருபாவுக்கு,

பேர்கன் நகரத்து மழையிலும் பனியிலும் நீயும் மருமகன் யசோதரனும் என் பேத்தி லக்சிகாவும் உடல்நலமும் உளநலமும் குன்றாது இருக்க வேண்டுமென்று நெஞ்சார விழைகிறேன். அடுத்த வரியில் இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவது என் வழக்கம். இம்முறை அவ்வரியை எழுதக் கை ஒப்பவில்லை, மகளே. தொலைபேசியில் சொல்லலாமே அப்பா என்பாய். நீ அழைக்கும்போதெல்லாம் அம்மா ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு என் அருகிலேயே அமர்ந்திருக்கிறாள், இதுவோ அவள் செவியில் விழக்கூடாத செய்தி. அதனால்தான் பேர்கனுக்கு வரும் லாசர் தம்பியின் கையில் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் குசினிச் சுவரில் தொங்கும் எரிவளிக் கொதிகலன், நீங்கள் சோடியேர் என்பீர்களே, அது கார்த்திகைக் குளிர் தொடங்கியது முதல் ஒழுங்காகப் பற்றுவதில்லை. பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்று பொறி தெறிக்கும், நீலச்சுடர் எழும், வீடு வெதும்பத் தொடங்குமுன் சுடர் அணைந்து சிவப்பு விளக்கு எரியும். நானும் விட்டேனா, சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மேடையில் போல் அதன் முன் நின்று முழங்கினேன். எரிவளி வரவில்லையா, வருகிறது, பக்கத்து அடுப்பு எரிகிறதே. பொறி பிறக்கவில்லையா, பிறக்கிறது, என் செவியே சான்று. எல்லாம் இருந்தும் எரிய மறுப்பது ஏன் என்று கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே, இஞ்சருங்கோ, அந்தப் பெட்டி கைதட்டாது, சும்மா தொண்டையைக் கிழிக்காதேங்கோ என்றாள். சிரித்தவள் உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பல நாள்களாக அவளுக்குத் தலையிடி, இடையிடையே குமட்டல். புதுக் கண்ணாடி சரியில்லை என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன்.

பிறகு செவ்ரானிலிருந்து மரியரட்ணம் வந்தார், கொதிகலன் பழுதுபார்ப்பவர், ஓயாமல் வாயடிப்பவர், என்னையே பேசவிடாதவர் என்றால் பார்த்துக்கொள். வந்தவர் கொதிகலனைத் திறக்குமுன்பே குசினியைச் சுற்றிப் பார்த்து, அண்ணை, காத்து வாற ஓட்டை எங்கை என்றார். சுவரில் மேலே நம் கடைக்காரர் தந்த நாட்காட்டி தொங்கியது. அதைத் தூக்கினார். உள்ளே காற்றுத் துளையின் மேல் நெகிழித்தாள், அதன் மேல் பொதி கட்டும் மண்ணிற ஒட்டுநாடா, ஒன்றன்மேல் ஒன்றாக. அவர் வாய்விட்டுச் சிரித்து, தை பிறந்தாலும் இஞ்சை வழி பிறக்காது போலை என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர் விளக்கியதை உனக்கு எடுத்துரைக்கிறேன். நம்முடையது பழைய வகைக் கொதிகலன். எரிவதற்கான காற்றைக் குசினியிலிருந்தே இழுக்கிறது, எரிந்தபின் புகையைப் புகைபோக்கியால் மேலே விடுகிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லையென்றால் புகை மேலேறாமல் திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கும். அதை உணர்ந்து எரிவளியை நிறுத்தும் காவல் ஒன்று உள்ளே இருக்கிறது. பெட்டி பழுதாகேல்லை அண்ணை, உங்கள் ரெண்டு பேரையும் சாகவிடாமல் நிண்டிருக்கு, நீங்கள் என்னெண்டால் கோயில் மணி அடிக்கிற மாதிரிச் சிவப்புப் பொத்தானை அமத்தி அமத்தி எழுப்பியிருக்கிறியள் என்றார். அந்தப் புகையில் ஒரு நஞ்சு உண்டாம், நிறமில்லை, மணமில்லை. முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம், அவ்வுறக்கத்திலிருந்து எழாதவரும் உண்டு. அம்மாவை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன், உங்கள் மனைவிக்கு நல்ல காலம் என்று சொல்லி அனுப்பினார்.

ஏன் அடைத்தாய் புனிதம் என்று அம்மாவைக் கேட்டேன். மேல்வீட்டு ஷார்லோத் அம்மையார் ஒருநாள் படியேறும்போது, இவள் தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்துக்கொண்டிருந்தாளாம். அவர் மூக்கின் முன் கையை விசிறிக்கொண்டு போனதை இவள் கதவிடுக்கால் கண்டாளாம். அவ்வளவுதான், ஒரு சொல்லும் இல்லை. அன்றே துளையை அடைத்திருக்கிறாள். மணம் மேலே போனால் முறைப்பாடு வரும், முறைப்பாடு வந்தால் வீட்டால் எழுப்பிவிடுவினம், இன்னும் ஒருக்கால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால ஏலாது என்றாள். ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்தவளிடம் வாடகையாளர் உரிமை பற்றி நான் எதை உரைப்பேன். நானே மேலே போய்ப் பேசுகிறேன் என்றேன். ஐயோ வேண்டாம், நீங்கள் வாயைத் திறந்தால் அது கூட்டமாகிப்போம் என்று கதவை மறித்துக்கொண்டாள்.

மரியரட்ணம் நாடாவைப் பிரித்துவிட்டுப் போன பிறகு கொதிகலன் நன்றாக எரிந்தது. நான் கூட்டமொன்றில் பேசிவிட்டு வந்தபோது வீடு மறுபடி குளிர்ந்து கிடந்தது. நாட்காட்டியைத் தூக்கினேன், புது நாடா. அதைப் பிரித்துவிட்டு, நஞ்சை உணர்ந்து அலறும் கருவியொன்றை வாங்கி மாட்டினேன். நான் வெளியே போனதும் மறுபடி அடைத்திருக்கிறாள். அது அலறியிருக்கிறது, மகளே, அலறியேயிருக்கிறது. சத்தம் மேல்வீட்டுக்குக் கேட்குமென்று மின்கலத்தைக் கழற்றி அலுமாரிச் சேலைகளுக்குள் ஒளித்துவிட்டாள். பொண்டியில் அம்மாவின் தோழி கமலராணியின் வீட்டு முற்றத்தில் வறுக்கலாமே என்றேன், மற்றவையின்ரை அடுப்பிலை வறுத்தது என்ரை தூளாகுமோ என்கிறாள். கடையில் விற்பதை வாங்கச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். நான் வெளியே போனால்தான் வறுக்கிறாள் என்பதால் அடுத்தடுத்த கூட்டங்களுக்கு வர இயலாதென்று சொல்லிவிட்டு வீட்டிலேயே காவல் இருக்கிறேன். எத்தனை நாளுக்கு இருப்பேன்.

இத்தனையும் யாருக்காக என்று நினைக்கிறாய். மாசி விடுமுறைக்கு நீ வருகிறாய், போகும்போது ஓராண்டுத் தூள் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. ஆகவே அடுத்த முறை பேசும்போது, அம்மா இனித் தூள் வேண்டாம், லக்சிகாவின் வயிற்றுக்கு உறைப்பு ஒத்துவரவில்லை என்று சொல். பொய்மையைச் சாடியே தொண்டை வற்றியவன் நான், என் மகளைப் பொய் சொல்லுமாறு கேட்கிறேன். அவள் முகம் வாடும், உறுதியாக வாடும், இரண்டு நாள் உண்ணவும் மாட்டாள். வாடிய முகத்தோடாவது அவள் எனக்கு வேண்டும்.

நீயும் உன் குடும்பமும் குறைவின்றி நிறைவாழ்வு வாழ்க. படுக்கையறைக் காற்றுவழிகளை ஒருமுறை பார்த்து வை. இக்கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, நீ வந்ததும் உன் பையைப் பிரிப்பவள் அவள்தான். லாசர் தரும் பொதியில் அம்மா கட்டிய தூள் இருக்கிறது, அந்தப் புது நாடாவின் பின்னால் வறுத்தது. நல்ல பதம், சூடு ஆறுமுன் கட்டியதால் கடிதத்திலும் மணக்கும். பொதி கிடைத்தது என்று மட்டும் சொல், மகளே, புகழ்ந்தால் மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். மணக்கிறது என்று மறந்தும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
இராஜதுரை