ஒன்றாம் நம்பர் ரசீது

என் பிரியமுள்ள மச்சான் ஜெபராஜுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. லாலாகுடா ரயில்வே பணிமனையில் இப்போதும் சங்கு ஊதுகிறது. உன் மகள் ஸ்டெல்லா ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்துவிட்டாள். என் சிபாரிசு என்று மெட்டுகுடா முழுக்கப் பேச்சு. நான் மறுக்கவில்லை.

உன் சிறுநீரக ஆபரேஷனுக்கு நான் பணம் திரட்டிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். நான் வாசலில் நின்று பேசினால் மாவு பிசைகிற பெண்கள் கையைக்கூடக் கழுவாமல் வந்து நிற்பார்கள், மச்சான். "கொடுக்கிற காசுக்கு வரிவிலக்கு உண்டு" என்று அடித்துச் சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தியவன் சட்டம் பேசியதில் பட்டதாரிகளே பர்ஸைத் திறந்தார்கள். ரசீது கேட்டார்கள். சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு அச்சடித்த ரசீதுப் புத்தகம் ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. சபை முத்திரையோடு கிழித்துக் கொடுத்தேன்.

பணம் சேர்ந்தது. நீ பிழைக்கவில்லை. அது வேறு விஷயம்.

போன வாரம் எதிர்வீட்டு டேனியல் வரிக் கணக்குக்காக அந்த ரசீதை ஸ்டெல்லாவிடம் நீட்டியிருக்கிறார். அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, யே க்யா ஹை, என்னது இது? தனி ஆளுக்குக் கொடுத்தா, அவர் சாகக் கெடந்தாலும் வரிவிலக்கு கெடையாது. பதிவான டிரஸ்டுக்குக் கொடுத்தாத்தான் உண்டு. இந்தப் பணம் சர்ச்சுக்கே போகலையே! இதக் காட்டுனா கொடுத்தவங்களுக்கும் நோட்டீஸ், பாஸ்டருக்கும் நோட்டீஸ்."

"இரக்கப்பட்டதுக்கு வரி போடுவானா கவர்மெண்டு?"

"வரி போடல மாமா, விலக்கு தரல. அவ்ளோதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லா ரசீதும் என் கைக்கு வரணும்."

வீடு வீடாக ஏறி இறங்கினேன். டேனியல் எகிறினார்: "விலக்கு இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஆயிரத்தோட நிறுத்தியிருப்பேனே வே!"

"அதனாலதான் சொல்லல" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரசீதைக் கொடுத்துவிட்டார். நாலு நாளில் அத்தனையும் வாங்கினேன். வேறு யாராலும் முடியாது.

ஸ்டெல்லா எண் வரிசையில் அடுக்கினாள். இரண்டிலிருந்து நாற்பத்தொன்று வரை இருந்தது.

"ஒண்ணாம் நம்பர் எங்க மாமா?"

அது என் சட்டைப் பையில் இருந்தது. என் பெயரில் இருபத்தைந்தாயிரம். அதைக் காட்டிக் காட்டித்தான் மற்றவர்களிடம் வாங்கினேன். நான் போட்டது ஐயாயிரம்.

ஸ்டெல்லா அதை வாங்கிப் பார்த்தாள். "நீங்க போட்டது அஞ்சாயிரம்தான்னு அப்பாவுக்குத் தெரியும் மாமா. ஆஸ்பத்திரியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

தெரிந்துமா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மற்ற நாற்பதையும் கிழித்துப்போட்டோம். பாஸ்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். நல்ல திட்டு கிடைத்தது. ஒன்றாம் நம்பரை மட்டும் கிழிக்கவில்லை. மீதி இருபதாயிரத்தை மாதம் இரண்டாயிரமாக உன் வீட்டுக்குப் போய் என் தங்கை கையில் கொடுத்து வருவேன். முதல் மாதம் கொடுத்தாயிற்று. வரிவிலக்கு கிடையாது என்று ஸ்டெல்லா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மீதியும் தீருகிற அன்றைக்கு உன் கல்லறைக்கு வந்து, உன் முன்னாலேயே அந்த ரசீதைக் கிழிப்பேன். அப்போதும் சிரி.

இப்படிக்கு,
உன் தங்கமான மச்சான்,
தேவசகாயம்