கம்பி இல்லாத வெள்ளிப் பந்து

நம் பலகைப் புத்தகம் இன்னும் உடையவில்லை. இன்று காலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் என் கண்ணால் பார்த்தேன். ஒரு பலகையும் குறையவில்லை என்று அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மாக்காவும் உறுதி சொன்னார். பிரித்ததும் தேயிலை வாசனை. பெட்டிப் பலகை அதை இத்தனை காலமும் விடவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு நான் அங்கே போனது இன்றுதான்.

ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலை ஆலையில், தகர அச்சை வைத்துத் தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை அடிப்பது அப்போது உன் வேலை. வானத்தில் பெரிய வெள்ளிப் பலூன் ஒன்றை ஏவியிருக்கிறார்கள், வெறுங்கண்ணுக்கே தெரியுமாம் என்று பத்திரிகையில் வேலை பார்த்த நான் கொழும்பிலிருந்து செய்தியோடு வந்தேன். நீ என்னை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை.

"புள்ளைங்களுக்கு ஒரு பொஸ்தகம் பண்ணுவோம்டா. நீ பாட்டு எழுது, நான் படம் அடிக்கிறேன்."

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரைக் கெஞ்சி உடைந்த பெட்டிப் பலகைகளை வாங்கினாய். பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை வட்டமாக வெட்டிப் பந்தாக ஒட்டினாய். அது மின்னியபோது இருவரும் கைதட்டிக் குதித்தோம். பாட்டு இப்படி:

உள்ளே காற்று, வெளியே வெள்ளி,
ஓடுது பாரு பூமியைத் தள்ளி!
கம்பியும் இல்லை, கயிறும் இல்லை,
கடந்து போகுது நம்ம மலை எல்லை!

மறுநாள் வந்து பார்த்தால், பந்துக்கு மேலே மலைக்கு மலை கறுப்பாக ஒரு கம்பி! மேட்டு மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகள் கம்பியில் தொங்கியபடி ஸ்டோருக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்த கை. பறப்பது எதுவானாலும் அதற்கு ஒரு கம்பி போட்டுவிட்டது.

"பாட்டுல கம்பி இல்லங்கிறேன், படத்துல கம்பியா?"

"பேப்பர்காரரே, கம்பி இல்லாம ஒரு சாக்காவது ஸ்டோருக்கு வந்து பாத்திருக்கீங்களா?"

"அது வேகத்துல சுத்துதுடா, விழாது."

"கண்ணால காட்டு. அழிச்சிடுறேன்."

செல்லம்மாக்காவுக்கு வேறு கவலை. "இன்னைக்கு அந்தியில தெரியும்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். வரலன்னா இந்தப் பொஸ்தகத்தையே பொய்யின்னுடுங்க. அப்புறம் நான் எதச் சொன்னாலும் நம்பாதுங்க."

நேரம் பத்திரிகையில் வந்ததுதான். ஆனால் அந்தியில் மூடுபனி மலையைவிட்டு இறங்கி தொழிலாளர் லயங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்கள். "பேப்பர்ல வர்றதெல்லாம் வானத்துல வருமா?" என்று ஒருத்தி சிரித்தாள். பிறகு லிந்துலைப் பக்கம் காற்று திரும்பியது. பனி கிழிந்து ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதில், அவசரமே இல்லாமல், ஒரு வெள்ளிப் புள்ளி!

முதலில் பார்த்தது உன் மகள். "அப்பா, கம்பி இல்லப்பா!" அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்: "கம்பி இல்ல! கம்பி இல்ல!" அம்மாக்களும் கத்தினார்கள். நீ மட்டும் புள்ளி மறைந்த பிறகும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாய்.

விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டால் அந்தக் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். "பத்திரிகைக்காரன் சொன்னதுக்காக இல்ல, நான் பாத்ததுக்காக" என்றாய்.

சுரண்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. இன்று ஒரு சின்னப் பெண் அதில் விரலை ஓட்டிக்காட்டி, "இங்க மொதல்ல கம்பி இருந்துச்சு மாமா. பந்து வந்து பொய்யின்னு காட்டிருச்சு" என்று எனக்கே பாடம் சொன்னாள். அந்தப் பலூன் ஏறிய காலத்தில் அவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

கடைசிப் பலகை வெறும் பலகையாகவே இருக்கிறது. "நிலாவுல மனுசன் எறங்கட்டும், அப்புறம் அடிக்கிறேன்" என்று அதை ஒதுக்கி வைத்தாய். இன்னும் யாரும் இறங்கவில்லை. இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இறங்குவோம் என்று அமெரிக்கர்கள் சொல்லியிருக்கிறார்கள். உன் தூரிகையைச் செல்லம்மாக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பலகைக்கான பாட்டின் முதல் வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எழுதவில்லை. இறங்கட்டும்.