மீட்டர் பெட்டிக்குப் போட்ட தையல்

அனுப்புநர்:
மின் இணைப்பு எண் 0417-இன் நுகர்வோர்,
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு.
(தெருவில் "தையல் அக்கா வீடு" என்று கேட்டால் காட்டுவார்கள்.)

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம்.

பொருள்: மின் திருட்டு என்று கூறி ஏழு நாளில் இணைப்பைத் துண்டிக்க ஒட்டப்பட்ட அறிவிப்பு – அதை நிறுத்திவைத்து மறு ஆய்வு செய்யக் கோருதல் – முத்திரையை உடைத்தது நானே என ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அலுவலகத்துக்கு நான் எழுதும் முதல் மனு இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் இதில் பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. நான் காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். மீதி நேரம் வீட்டிலேயே தைக்கிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் தூசியோடு கிடந்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு நுரையீரல் கைவிட்டது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அறையிலுள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தரும் மெஷின் அது. மாவு மில் போலச் சத்தம் போடும். முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. வீட்டில் மூன்றாவது ஆள் என் நாத்தனார். ஒரு பெரிய கடையில் பில் போடுகிறார். பகலில் அவரும் வீட்டில் இருக்க மாட்டார்.

2. மெஷின் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் ஆகும். மெஷின் வந்ததும் பதின்மூன்று ஆனது. கட்டுப்படியாகவில்லை. அந்தச் சமயத்தில்தான் தங்கள் அலுவலகம் பில்லோடு ஒரு துண்டுத் தாளை அனுப்பியது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் சிக்கனமாகச் செலவழிக்கப் பத்து யோசனைகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. மற்ற வீடுகளில் அந்தத் தாள் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். இன்னும் இருக்கிறது.

3. செய்ததைச் சொல்கிறேன். தையல் மெஷினிலிருந்த மோட்டாரைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன். எட்டு மாதமாகக் காலால் மிதித்துத்தான் தைக்கிறேன். குளிக்கச் சுடுதண்ணீர் ஹீட்டரில் இல்லை. கருப்புச் சாயம் அடித்த டிரம்மை மொட்டை மாடி வெயிலில் வைத்து எடுக்கிறோம். இஸ்திரிப் பெட்டி வாரத்தில் இரண்டே நாள், ஒரே சூட்டில் எல்லாத் துணியும். சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, வெட்டுத்துணி அடைத்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறோம். முக்கால் மணி நேரத்தில் தானாகவே வெந்துவிடும். தையல்காரி வீட்டில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? கேஸ் சிலிண்டர் முன்னைவிடப் பன்னிரண்டு நாள் கூடுதலாக வருகிறது. ஆரம்பத்தில் அடுப்புக்குமா டைம்டேபிள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட என் நாத்தனார், பிறகு என்னையே மிஞ்சிவிட்டார். நான் டீ போடும்போது பக்கத்தில் வந்து நின்று, கொதி தெரிந்த மறுகணம் அடுப்பை அணைக்கிறார். எட்டு மாதமாக எனக்கு ஒழுங்கான டீ கிடையாது. இதைத் தங்கள் அலுவலகத்தின் மேல் ஒரு தனிப் புகாராகவே எழுதலாம்.

4. ஃப்ரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நின்று ஏழு மாதம் ஆகிறது. பிளக் சுவரிலேயே இல்லை. தைத்து முடித்த துணிகளைப் பூச்சி அண்டாமல் வைக்க நல்ல இடமாக இருக்கிறது என்று அதை அலமாரியாக்கிவிட்டேன். மேல் தட்டில் ரவிக்கைகள், கீழ்த் தட்டில் பாவாடைகள், காய்கறி வைக்கும் இடத்தில் நூல் கண்டுகள். தங்கள் ஆய்வுக் குழு வந்த அன்று உதவிப் பொறியாளர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்காமலேயே "ஃப்ரிட்ஜ் – 24 மணி நேரம்" என்று தாளில் எழுதிக்கொண்டார். அதே தாளில் தையல் மெஷின் மோட்டார் எட்டு மணி நேரம், ஹீட்டர் இரண்டு மணி நேரம், இஸ்திரிப் பெட்டி மூன்று மணி நேரம். கூட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு யூனிட் ஆக வேண்டும், மீட்டரோ ஐந்து காட்டுகிறது, மீதி பதினொன்று திருட்டு என்றார். கணக்கு சரிதான் ஐயா. வீடுதான் வேறு.

5. ஆய்வுக் குழு எங்கள் வீட்டைத் தேடி வந்த காரணத்தையும் மறைக்கவில்லை. நாளுக்கு ஐந்து யூனிட் என்ற கணக்கில் பில் வந்த அன்று என் நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில், படிக்கட்டில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு பில்லைப் பாத்தா கரண்ட் ஆபீஸ்காரங்களுக்கே மயக்கம் வரும்" என்று சொல்லித் திரிந்தார். யாரோ அதை அப்படியே தங்கள் அலுவலகத்தின் காதில் போட்டுவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. என் நாத்தனார் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

6. ஆனால் ஐயா, அந்த ஐந்து யூனிட்டைக் கண்டு முதலில் சந்தேகப்பட்டது தங்கள் அலுவலகம் அல்ல. நான்தான். என்ன இறுக்கிப் பிடித்தாலும் மெஷினுக்கு மட்டும் ஐந்து யூனிட் வேண்டும். விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்தால் ஆறரைக்குக் கீழே இறங்க வழியே இல்லை. ஒன்றரை யூனிட் எங்கே போயிற்று? மெஷின் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் ஏறும். நான் கடையில் இருப்பது ஐந்து மணி நேரம்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழைவதற்கு முன் மறுபடியும் பார்க்கப் போனேன். மீட்டர் பெட்டியின் கண்ணாடி உள்பக்கம் தூசி படிந்து, புள்ளிக்கு அடுத்த இலக்கம் தெரியவில்லை. எனக்கு வேண்டியதோ அந்த ஒரே இலக்கம். பெட்டிக் கதவை இழுத்தேன். முத்திரைக் கம்பி அறுந்து கையோடு வந்துவிட்டது. கண்ணாடியை முந்தானையால் துடைத்தேன். மெஷின் ஓடியிருந்தால் காலையிலிருந்து ஒன்றரை யூனிட்டாவது ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தது யூனிட்டில் பத்தில் மூன்றுதான்.

நான் தெருமுனை தாண்டியதும் என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டு, நான் திரும்பி வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதமாக. உதடு நீலமாக இருக்கிறதே என்று நான் கேட்டபோதெல்லாம் வெயில் உடம்புக்கு ஆகவில்லை என்று சொன்ன மனிதர். கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நீ மோட்டார் இல்லாம மிதிச்சுக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு, எனக்கு மட்டும் எப்படி மூச்சு உள்ள போகும்?"

அன்று அவரைத் திட்டித் தீர்த்தேன். எங்கள் பிழைப்பே எனக்கு வெறுத்துப்போனது. இனி நிறுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்கை மட்டும் நம்பி நான் கடைக்குப் போகவில்லை. தினமும் ஒன்பது மணி அளவையும் இரண்டு மணி அளவையும் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் தையல் சாக்பீஸால் எழுதிவைத்தேன். உதவிப் பொறியாளர் அந்த எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திருடத் திட்டம் போட்ட கணக்கு என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறது. அது என் கணவர் மூச்சு விட்ட கணக்கு.

7. முத்திரை விஷயத்தில் என் குற்றம் முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். அறுந்ததும் நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய், ஈயத் துண்டை மறுபடி கோத்து, பித்தான் தைக்கும் செம்பு நிற நூலால் ஐந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன். கம்பி போலவே இருந்தது. என் வேலையில் எனக்குப் பெருமைகூட. உதவிப் பொறியாளர் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "சீலுக்குப் போய் யாராவது தையல் போடுவாங்களாம்மா?" என்றார். கூட வந்த லைன்மேன் சிரித்துவிட்டார். படிக்கட்டில் நாலு வீட்டு ஜனங்கள் நின்றார்கள். நான் தலை குனிந்து நின்றேன். பெட்டிக் கதவுக்கு மட்டும்தான் முத்திரை போயிற்று, மீட்டரின் சொந்த முத்திரையில் கீறல்கூட இல்லை என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன். வந்து பார்க்கலாம்.

முத்திரையைத் தொட்டதற்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்டனை என் பேரில் இருக்கட்டும், அவர் மூக்கிலிருக்கும் குழாயின் மேல் வேண்டாம்.

8. இன்று ஐந்தாம் நாள். அறிவிப்பை மீட்டர் பெட்டிக் கண்ணாடியின் மேலேயே பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். எண்கள் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தொட எனக்குத் துணிவில்லை. ஒரு முறை தொட்டது போதும். எனவே ஐந்து நாளாக, நான் வெளியே போனால் வீட்டில் மெஷின் ஓடுகிறதா என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் கடைக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். நேற்று, இனியும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று கடைக்காரம்மா சொல்லி அனுப்பினார்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நேற்று சாயங்காலம் என் கணவர் மிகவும் அமைதியாக என்னிடம் சொன்னார்: "எப்படியும் ஏழாம் நாள் கட் பண்ணத்தான் போறாங்க. அதுக்குள்ள இது இல்லாம இருக்கப் பழகிக்கறேன்." பழகிக்கொள்வதாம். புதுச் செருப்பா பழகிக்கொள்ள? கையிருப்பில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. நான்கு மணி நேரம் வரும். துண்டித்த இணைப்பைத் தங்கள் அலுவலகம் திரும்பக் கொடுக்க நான்கு மணி நேரம் போதுமா என்பது என்னைவிடத் தங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

9. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவை மறு ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

எங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் தங்கள் சோதனை மீட்டர் ஒன்றை மாட்டி, ஒரு வாரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வருபவர் ஃப்ரிட்ஜைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் துணிகளை மட்டும் கலைக்க வேண்டாம், வாடிக்கையாளர்களுடையவை.

அதுவரை, கண்ணாடி மேல் ஒட்டிய அறிவிப்பில் எண்கள் தெரியும் இடத்தில் ஓர் அங்குலம் மட்டும் வெட்டிக்கொள்ள எனக்கு அனுமதி தர வேண்டும். கோடு தவற மாட்டேன்.

10. மேலே உள்ளதை இன்று விடியற்காலையில் வீட்டில் எழுதினேன். இந்தக் கடைசிப் பத்தியைத் தங்கள் அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு வந்தேன். ஐயா கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது பதினொன்றே முக்கால். சற்று முன் வீட்டுக்குப் போன் செய்தேன். என் கணவர்தான் எடுத்தார். மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். மெஷின் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, போனும் அங்கேதான் இருக்கிறது. அவர் பேசிய நேரம் முழுவதும் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டார். ஆய்வு முத்திரை இல்லாத லிஃப்டில் இருபத்திரண்டு வருடம் ஒருவரையும் ஏற்றாத மனிதர் அவர். முத்திரை வைத்த தாளைத்தான் நம்புவார். முழு உத்தரவு பிறகு வரட்டும். இப்போதைக்கு "இணைப்பு துண்டிக்கப்பட மாட்டாது" என்று ஒரே ஒரு வரி எழுதி, கீழே தங்கள் முத்திரையை வைத்து இந்தப் பெஞ்சுக்குக் கொடுத்தனுப்புங்கள். இங்கிருந்து வீடு இருபது நிமிடம். ஓடினால் பத்து.

இப்படிக்கு,
தங்கள் வரியை எதிர்பார்த்து வராந்தாவில் காத்திருக்கும்,
தையல்காரி (கையொப்பம்)

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: அறிவிப்பு ஒட்டிய ஐந்தாம் நாள், முற்பகல் 11.50

இணைப்பு: டாக்டர் சீட்டின் நகல் ஒன்று, தாங்கள் அனுப்பிய சிக்கன யோசனைத் தாளின் நகல் ஒன்று, அறுந்த முத்திரைக் கம்பி, அசல்.