அவன் கேட்காத பத்து நாள்

ஜூலை 8, செவ்வாய். காஞ்சிபுரம்.

உகாண்டாவில் நடக்கும் பட்டுப் புடவைக் கண்காட்சிக்கு என்னைத்தான் அனுப்புவதாக இருந்தார் முதலாளி. அதற்காகப் போன மாதமே சென்னை போய், அந்த நாட்டுக்குள் நுழையக் கட்டாயமான மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டு, அதற்கான அட்டையும் வாங்கிக்கொண்டு, ரெண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். நேற்று, "பொம்பளைய அவ்ளோ தூரம் எப்படிமா அனுப்புறது?" என்று சொல்லிவிட்டுத் தன் மச்சானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். புடவையை உள்பக்கம் வெளியே தெரிய விரிக்கிற ஆள் அவன்.

இன்று அந்த மச்சான் கல்லாவில் சாய்ந்துக்கினு கேட்டான். "அந்த ஊசிக்கு எவ்ளோ நேரம்மா ஆவும்?"

"அரை மணி நேரந்தான் சார்."

பொய் இல்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும் என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விமானம் ஞாயிற்றுக்கிழமை.

ஏர்போர்ட்டில் நிறுத்தட்டும். பெட்டியோடு திரும்பி வரட்டும். டிக்கெட்டை யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், என் கையில் ஏறின மருந்தை உறிஞ்சி மச்சானுக்கு ஏற்ற முடியாது. கடையில் அட்டை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். முதலாளி எனக்குத்தான் போன் பண்ணியாகணும்.

என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"பொம்பள சார். அவ்ளோ தூரம் எப்படி அனுப்புவீங்க?"