இரண்டு ஊருக்கும் ஒரே எண்

9 மார்ச் 1998, திங்கள்

வெயில் இப்போதே தலையைப் பிளக்கிறது. கணினி லேபில் இருக்கும் ஒற்றை மின்விசிறியும் நின்றுவிட்டது. வாங்க வேண்டியது: வத்தல், சோப்பு, சாமுவேல் சட்டைக்குப் பித்தான்.

காலையிலேயே அலுவலகத்தில் சத்தம். சேரன்மகாதேவியில் எங்கள் நிர்வாகம் நடத்தும் பாலிடெக்னிக்கில் ஒரு பிரிவு முழுக்க வாரியத் தேர்வுப் பதிவில் விடுபட்டுவிட்டது. மற்ற பிரிவுகளின் விவரம் வழக்கம்போல் தாளில் வந்தது. இந்த ஒன்றை மட்டும் புதுமை என்று கணினி வழியாக அனுப்பச் சொன்னார்கள். வந்து சேரவில்லை. இங்கே பாளையங்கோட்டை அலுவலகத்தில் யாரும் சரிபார்க்காமல், இருந்ததைக் கட்டி வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கெடு முடிந்துவிட்டது.

இரண்டு ஊரையும் டெலிபோன் கம்பியில் இணைத்தது பிரவீன். தாளாளரின் மருமகன், மெட்ராஸ் படிப்பு. இணைத்த அன்று லட்டு கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை, பல்வலி.

10 மார்ச், செவ்வாய்

அனுப்பியவர் கனகவேல், அங்கே லேப் பொறுப்பு. போனில் கூப்பிட்டேன்.

"நான் அனுப்பிட்டேன் மேடம். போய்ச் சேந்துட்டுன்னு திரையிலயே காட்டுச்சு. எம்மேல சொல்லுதாங்க."

"எந்தக் கணினி எண்ணுக்கு அனுப்புனீங்க?"

சொன்னார். நம் அலுவலகக் கணினியின் எண்ணேதான், நான்கு பகுதியும் சரி. பிறகு சும்மா கேட்டேன், உங்கள் கணினியின் எண் என்ன என்று. முதல் மூன்று பகுதியும் இங்கே நம் கணினிகளுக்கு இருப்பதேதான்.

கையில் இருந்த டீ ஆறிப்போனது.

12 மார்ச், வியாழன்

கனகவேலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம்: அலட்சியம்.

ராத்திரி என் வீட்டுக்காரர் சாமுவேலிடம் விளக்கினேன். முதல் மூன்று எண் எந்த வலை என்று சொல்லும், கடைசி எண் அதில் எந்தக் கணினி என்று. ஊர்ப்பெயரும் கதவு எண்ணும் மாதிரி. ஊர் வேறு என்றால்தான் கடிதம் வெளியே போகும். இரண்டு ஊருக்கும் ஒரே பெயர் வைத்தால்? இங்கேதான் என்று நினைத்துக் கணினி உள்ளூரிலேயே கொடுத்துவிடும்.

"அத யாரு வச்சது?"

"பிரவீன்."

பேப்பரை மடித்து வைத்தார். "நீ எதுக்கு ஜெயா போய்த் தலையக் குடுக்க?"

எழுந்து சோறு எடுத்து வைத்தேன். ரசத்தில் உப்பு அதிகம், அவர் அதைச் சொல்லாமலே சாப்பிட்டார்.

14 மார்ச், சனி

பஸ்ஸில் சேரன்மகாதேவி. உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் வயல், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு ஒன்றும் இல்லை.

அங்குள்ள முதல்வரை லேபுக்குக் கூட்டிவந்தேன். மோடத்திலிருந்து டெலிபோன் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். "இப்ப பாளையங்கோட்டைக்கு ஒண்ணும் போக வழியில்ல, சரியா சார்?" தலையாட்டினார். கனகவேல் சொன்ன அதே எண்ணுக்கு ஒரு ஃபைல் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்றது திரை.

பக்கத்து வரைபட அறைக்குப் போனோம். அங்கே ஒரு கணினிக்கும் நம் அலுவலகக் கணினியின் அதே எண். திறந்தேன். நான் அனுப்பியது இருந்தது. அதற்கு மேலே, கனகவேல் அனுப்பியதெல்லாம், ஒன்று விடாமல், கெடுவுக்கு முந்தைய தேதியோடு.

முதல்வர் கதவைப் பார்த்தார். "பையப் பேசுங்க மேடம்."

16 மார்ச், திங்கள்

தாளாளர் அறை. ஏசி. பிரவீனும் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தாளாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். புரிந்துவிட்டது அவருக்கு. அது முகத்தில் தெரிந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிரவீன்: "நிறுத்துனப்புறம் அந்த ஆளே காப்பி பண்ணி வச்சிருக்கலாமே."

"கம்பியப் பிடுங்குனப்புறமும் போய்ச் சேந்துச்சே சார், அது?"

தாளாளர் குறுக்கிட்டார். "ஏம்மா, நீங்க லேபப் பாருங்க. ஆள எடுக்கதும் நிறுத்துததும் நான் பாக்கேன்."

வரும்போது கும்பிட்டுவிட்டு வந்தேன். என் கைகளை நினைத்தால் வெறுப்பாக இருக்கிறது.

25 மார்ச், புதன்

பல் பிடுங்கியாயிற்று. வீக்கம்.

பிரவீன் லேபுக்கே வந்தார். சேரன்மகாதேவிக் கணினிகளின் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். கனகவேலைத் திரும்ப எடுத்தால் செய்கிறேன் என்றேன். "அதப் பிறகு பேசலாம் மேடம்." சிரிப்பு வேறு. மறுத்துவிட்டேன்.

மத்தியானம் யோசித்துப் பார்த்தேன். அப்படியே விட்டால் அடுத்த பதிவும் இப்படித்தான் காணாமல் போகும், வேறு பிள்ளைகளுக்கு. சாயங்காலம் நானே பிரவீனிடம் போய், செய்துதருகிறேன் என்றேன்.

28 மார்ச், சனி

செய்தேன். அங்கே வலைக்கு வேறு எண், இரண்டு பக்கமும் மோடம் இருக்கும் வாசல் கணினியிலும் எதிர் ஊருக்கு வழி எழுதி வைத்தேன். திரும்பி வந்து, ஒரு ஃபைல் அனுப்பிப் பார்க்கச் சொல்லி அந்த லேபுக்குப் போன் போட்டேன்.

"அனுப்பியாச்சு மேடம். இங்கன உள்ள மத்த கம்ப்யூட்டர்ல தேடிட்டேன், ஒண்ணும் இல்ல. அங்கன வந்துட்டா?"

வந்துவிட்டது. "யார் பேசுறது?"

"புதுசா சேந்திருக்கேன் மேடம். கனகவேல் சார் இடத்துல."

4 ஏப்ரல், சனி

கனகவேல் வீடு. மனைவி மோர் கொண்டுவந்தார். மனிதர் இளைத்துவிட்டார். வெளியே போவதே இல்லையாம். எதிர் வீட்டு இசக்கியம்மாளின் மகளும் அந்தப் பிரிவுதான். அவள் பதிவைத் தொலைத்தவர் என்று தெருவே பேசுகிறது.

"வேலை போனாப் போவுது மேடம். அவங்ககிட்ட மட்டும் ஒரு தடவ நீங்க சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டுக்காங்க."

போனேன். இசக்கியம்மாள் வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எண்கள் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் அனுப்பியது உண்மை, வழி போட்டவர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள், கண்ணால் பார்த்தேன் என்றேன்.

கை நிற்காமல் கேட்டாள். "அப்பம் அவரு மேல தப்பில்ல."

"இல்லம்மா."

"சரி. பிள்ள இந்தத் தடவ எழுதலாமா?"

"முடியாதும்மா. அடுத்த தடவதான்."

"அவளுக்கு ஆவணியில கல்யாணம் பேசியாச்சு. அடுத்த தடவன்னு ஒண்ணு கிடையாது." உள்ளே பார்த்தாள். "பெறகு இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

உள்ளே அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எதிர் வீட்டு ஜன்னலில் கனகவேல் நிற்பது தெரிந்தது. திரும்பிப் போய் அவரிடம் என்ன சொல்ல. நேராக பஸ் ஸ்டாண்டு.